காத்திருத்தலும் காலங்கடத்தலும்

காத்திருத்தல் நல்லதா, தீயதா என்று ஒருவர் கேட்பாராயின், எதற்காகக் காத்திருக்கிறார், எவ்வளவு காலம் காத்திருக்கிறார், எந்தக் கடமையை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்னும் மூன்றையும் அறியாமல் விடை சொல்ல இயலாது. நம் மார்க்கம் காத்திருப்போரைப் புகழ்ந்தும் இருக்கிறது. காலங்கடத்துவோரைக் கண்டித்தும் இருக்கிறது. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால், அவனுக்கு வசதி வரும் வரை பொறுத்திருக்குமாறு திருமறை பணிக்கிறது. ஒரு தொழுகையை முடித்துவிட்டு அடுத்த தொழுகையை எதிர்நோக்கிப் பள்ளிவாசலில் அமர்ந்திருப்பவர் தொழுகையில் இருப்பவராகவே கணிக்கப்படுகிறார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாக்கு தரும் கருத்து. அதே வேளையில், நற்செயலைப் பிறகு செய்வோம் என்று தள்ளிப் போடுவதை நம் முன்னோர்களான நல்லறிஞர்கள் உள்ளத்தின் நோய்களுள் ஒன்றாக எண்ணினார்கள். அரபு மொழியில் எதிர்காலத்தைக் குறிக்க ‘ஸவ்ஃப’ என்றொரு சிறு சொல் உண்டு. அச்சொல்லிலிருந்தே ‘தஸ்வீஃப்’ என்னும் பெயர் அந்நோய்க்கு அமைந்தது.

வெளிப்பார்வைக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கடற்கரையில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் காற்றுத் திரும்பட்டும் என்று பார்த்திருக்கும் மரக்கலக்காரர். மற்றவர் கடலுக்குப் போக மனமில்லாதவர். இருவர் கண்களும் கடலையே நோக்குகின்றன. இருவர் கைகளும் சும்மாவே இருக்கின்றன. காற்றுத் திரும்பிய பின்னரே எவர் யாரென்று தெரியும். அவ்வாறு தெரிவதற்கு முன்பே நம் உள்ளத்தை நாமே சோதித்தறிய வழியுண்டா என்பதுதான் ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினாவை ஆராய நான் எடுத்துக்கொள்ளும் பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மெல்லிய மடிக்கணினி ஒன்று வாங்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு புதிய பிராசஸர் வரப்போகிறதாம். ஆகையால் பொறுத்திருப்போம் என்று இன்று நம் இல்லங்களில் நடக்கும் பேச்சே அப்பொருள். இதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று கேட்க வேண்டா. நம் பிக்ஹுக் கலை அறிஞர்கள் பாத்திரத்தில் மிஞ்சிய நீரையும் சந்தையில் விற்கும் பேரீச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டே மனித வாழ்வின் பெரிய நியதிகளைப் பேசினார்கள். நம் காலத்துப் பாத்திரமும் பழமும் இத்தகைய பொருள்களே.

பொருளின் இயல்பு

முதலில் பொருளை அறிவோம். எழுத்து வேலை, கணக்கு, படம், குரல் எதுவாயினும் கணினியில் அதைக் கணித்து முடிப்பது பிராசஸர் என்னும் சிறு சில்லு. அது வேலை செய்யும்போது மின்சாரத்தை உண்ணும். உண்ட மின்சாரம் வெப்பமாக வெளிப்படும். வெப்பத்தை வெளியேற்ற விசிறி வேண்டும். மின்சாரத்தைச் சேமித்து வைக்க பேட்டரி வேண்டும். விசிறிக்கு இடம் வேண்டும். பேட்டரிக்குக் கனம் உண்டு. எனவே, ஒரு மடிக்கணினி எவ்வளவு மெலிந்ததாகவும் இலேசானதாகவும் இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தச் சில்லு எவ்வளவு குறைவாக உண்டு எவ்வளவு வேலை செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இலேசான கணினியை விரும்புகிறவர்கள் புதிய பிராசஸருக்காக ஏங்குவது வெறும் பகட்டு அன்று. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

வரலாறும் அவர்களுக்குச் சான்று பகர்கிறது. 1981-இல் வெளிவந்த ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் கணினியே எடுத்துச் செல்லத்தக்கதென்று விற்பனையில் வெற்றி கண்ட முதற்கணினிகளுள் ஒன்று. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. அதில் பேட்டரி இல்லை. திரையோ ஐந்து அங்குலம். 2008-இல் ஆப்பிள் நிறுவனம் ‘மேக்புக் ஏர்’ என்னும் கணினியை ஒரு காகித உறையிலிருந்து எடுத்துக் காட்டியபோது அதன் எடை 1.36 கிலோவாக இருந்தது. 2013-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனத்தின் ‘ஹாஸ்வெல்’ என்னும் பிராசஸர் வந்தபோது, அதே மேக்புக் ஏர் வகையில் 13 அங்குலக் கணினி ஒருமுறை மின்னேற்றினால் உழைக்கும் நேரம், நிறுவனத்தின் கணக்குப்படி, 7 மணியிலிருந்து 12 மணியாக உயர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வாங்கியவருக்கும் ஜூன் மாதத்தில் வாங்கியவருக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு. ஒரு மாதம் பொறுத்தவர் பலன் பெற்றார் என்பதை யார் மறுக்க முடியும்?

வராத கப்பல்

ஆனால் இதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே இன்டெல் நிறுவனம் தன் சில்லுகளை மேலும் நுண்ணியதாக்கும் ‘பத்து நானோமீட்டர்’ முறையைக் கொண்டுவர முனைந்தது. 2015-ஆம் ஆண்டு ஜூலையில், அம்முறையிலான பிராசஸர்கள் 2017-இன் பிற்பாதியில் வரும் என்று அறிவித்தது. 2017 கழிந்தது. 2018-இல் மிகச் சிறு அளவில் ஒரு வகை வந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே, பெருமளவு உற்பத்தி 2019-க்குத் தள்ளிப் போகிறது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. மெல்லிய கணினிகளுக்கென ‘ஐஸ் லேக்’ என்னும் பிராசஸர் பரவலாகச் சந்தைக்கு வந்தது 2019-இல்தான். 2015-இல் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, “அது வந்ததும் வாங்குவோம்” என்று உட்கார்ந்த ஒரு மாணவர், தம் பட்டப்படிப்பு முழுவதையும் அந்தக் காத்திருப்பிலேயே கழித்திருப்பார்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எல்லோரும் பத்து நானோமீட்டர் என்னும் வாயிலையே பார்த்துக்கொண்டிருக்கையில், 2017 ஆகஸ்டில் பழைய பதினான்கு நானோமீட்டர் முறையிலேயே அமைந்த எட்டாம் தலைமுறைப் பிராசஸர்கள் வந்தன. அதுவரை மெல்லிய கணினிகளுக்கான சில்லுகளில் இரண்டு கணிப்பகங்களே இருந்து வந்தன. அவ்வாண்டு அவை நான்காயின. எதிர்பார்த்த கதவு சாத்தியே இருக்க, எதிர்பாராத கதவு திறந்தது. எண்ணிப் பாராத புறத்திலிருந்து உணவளிப்பவன் இறைவன் என்று நம்பும் நமக்கு இதில் வியப்பில்லை. மனிதன் தன் எதிர்பார்ப்பை ஒரே கதவில் கட்டி வைப்பதே அறியாமை.

சில்லுத் தொழிலின் அமைப்பே இத்தகையது. 1965-இல் கார்டன் மூர் என்னும் பொறியாளர், ஒரு சில்லில் அமையும் நுண்ணுறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று கணித்தார். 1975-இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். 1971-இல் வந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020-இல் ஆப்பிள் வெளியிட்ட ‘எம் 1’ சில்லில் 1,600 கோடி. இவ்வளர்ச்சியின் வேகம் இன்று சற்றுத் தளர்ந்திருக்கிறது என்போர் உண்டு. ஆயினும் ஓட்டம் நிற்கவில்லை. ஆகவே, “இதைவிடச் சிறந்தது வரவிருக்கிறது” என்னும் சொல் எந்த ஆண்டில் சொன்னாலும் உண்மையாகவே இருக்கும். எந்த ஆண்டிலும் உண்மையாக இருக்கும் ஒரு காரணத்தைக் கொண்டு இந்த ஆண்டு மட்டும் வாங்காதிருத்தல் பொருந்துமா? அக்காரணம் செல்லுமானால் மறு ஆண்டும் செல்லும். அதற்கு மறு ஆண்டும் செல்லும். தனக்குள் முடிவில்லாத காத்திருப்பு என்பது இதுதான்.

இக்காத்திருப்பு விற்பவனையும் விழுங்கியது என்பர். ஆஸ்போர்ன் 1 கணினியைப் படைத்த ஆடம் ஆஸ்போர்ன் நம் தமிழகத்துக்கு அந்நியர் அல்லர். ஆங்கிலேயரான அவர் தம் பிள்ளைப் பருவத்தைத் திருவண்ணாமலையில் கழித்தவர். 2003-ஆம் ஆண்டு கொடைக்கானலில் காலமானவர். அவருடைய நிறுவனம் 1983-இல் அடுத்த கணினியைப் பற்றி முன்கூட்டியே பேசியதால், மக்கள் இருக்கும் கணினியை வாங்காமல் நிறுத்திக்கொண்டனர் என்றும், அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்ததற்கு அதுவே காரணம் என்றும் சொல்லப்படுகிறது. போட்டியாளர்களின் வருகையும் நிர்வாகக் குறைகளும் கூடக் காரணங்கள் என்று ஆய்ந்தோர் கூறுவர். எப்படியாயினும், வரப்போவதைப் பற்றிய பேச்சு இருப்பதன் மதிப்பைக் குலைக்க வல்லது என்பதற்கு அவர் பெயரே வணிக உலகில் ஓர் உவமையாக நின்றுவிட்டது.

நீரைத் தேடும் பயணி

இனி நம் நூல்களுக்கு வருவோம். ஒரு பயணி. தொழுகை நேரம் வந்துவிட்டது; ஒளுச் செய்ய நீர் இல்லை. மண்ணில் தயம்மும் செய்து இப்போதே தொழுவதா, நீர் கிடைக்கும் என்று நேரத்தின் கடைசி வரை பொறுத்திருப்பதா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ என்னும் கிதாபில் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்வை இரண்டே சொற்றொடர்களில் தருகிறார்கள். அதன் கருத்து இது: நேரம் முடிவதற்குள் நீர் கிடைக்கும் என்னும் உறுதி, அதாவது யகீன், இருந்தால் பொறுத்திருப்பது சிறப்பு. கிடைக்கலாம் என்னும் எண்ணம், அதாவது ளன்னு, மட்டுமே இருந்தால் தாமதியாமல் தயம்மும் செய்து தொழுவதே சிறப்பு.

வணக்கத்துக்குரிய சட்டத்தை வணிகப் பொருளுக்கு அப்படியே ஏற்றி ஃபத்வா வழங்குவது என் நோக்கமன்று. அச்சட்டத்தின் உள்ளே ஓடும் சிந்தனை முறையையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, செய்ய வேண்டிய கடமை முன்னே நிற்கிறது. நீர் அதற்குக் கருவி மட்டுமே. இரண்டு, காத்திருப்புக்கு எல்லை உண்டு. தொழுகையின் நேரமே அவ்வெல்லை. மூன்று, உறுதிக்காகக் காத்திருக்கலாம். ஊகத்துக்காகக் காத்திருத்தல் சிறப்பன்று. நான்கு, மண்ணால் தூய்மை செய்து முறைப்படி தொழுத பயணியின் தொழுகை அரைத் தொழுகை ஆகிவிடாது.

2020-ஆம் ஆண்டை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். அவ்வாண்டு மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் பிராசஸருடன் புதிய மேக்புக் ஏர் ஒன்றை வெளியிட்டது. ஜூன் 22-ஆம் நாள், இனித் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாகவும், முதற்கணினி அவ்வாண்டு முடிவதற்குள் வரும் என்றும் அறிவித்தது. நவம்பரில் சொன்னபடியே வந்தது. விலை அமெரிக்காவில் அதே 999 டாலர், விசிறியே இல்லை, இணையத்தில் உலவும் நேரம், நிறுவனத்தின் கணக்கில், 11 மணியிலிருந்து 15 மணியாக உயர்ந்தது. ஜூன் மாதத்துக்குப் பின்னர் காத்திருந்தவர் வெறும் ஊகத்தில் காத்திருக்கவில்லை. காலம் சொல்லப்பட்டிருந்தது, காலம் குறுகியதாகவும் இருந்தது. கையில் நல்ல கணினி ஒன்று இருக்க, மாற்றிக்கொள்ள மட்டுமே விரும்பிய ஒருவர் நவம்பர் வரை பொறுத்தது அறிவுடைமை.

ஆனால் அதே ஜூன் மாதம் நம் நாட்டில் கல்விக்கூடங்கள் பூட்டப்பட்டிருந்த மாதம். வகுப்புகள் கைப்பேசித் திரையில் நடந்தன. ஒரே கைப்பேசியை வாப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிட, மாலை வரை பாடத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள். பணம் கையில் இருந்தும், “நவம்பரில் இன்னும் நல்லது வருகிறதாம்” என்று ஒரு தந்தை பிள்ளைக்கு வாங்காமல் இருந்திருந்தால், அவருடைய காத்திருப்பை எப்படிச் சிறந்ததென்போம்? செய்தி ஒன்றே, சில்லு ஒன்றே, மாதமும் ஒன்றே. ஒருவருடைய தொழுகை நேரம் விரிந்திருந்தது, மற்றவருடையது முடிந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வேறுபடுவது அதனால்தான்.

காயாத பழமும் அளந்த சரக்கும்

வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் நம் நூல்களில் வழிகாட்டல் உண்டு. மரத்திலுள்ள பழம் முற்றும் அடையாளம் தெரியும் முன்னர் அதை விற்பதையும் வாங்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நோய் தாக்கிப் பழம் அழிந்தபின் விற்றவரும் வாங்கியவரும் வழக்காடியதே அத்தடைக்குப் பின்னணி என ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். மறுபுறம், அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்துப் பேரீச்சம்பழத்துக்கு உடன்படிக்கை செய்யும் வழக்கம் இருந்தது. அதை முற்றாக விலக்காமல், அளவும் எடையும் தவணையும் தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார்கள். இதுவே பிக்ஹில் ‘ஸலம்’ எனப்படுகிறது.

வருங்காலப் பொருளைக் கருத்தில் கொள்வதே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. அளவு தெரியட்டும், தவணை தெரியட்டும் என்றே சொல்கிறது. புதிய பிராசஸர் பற்றிய செய்தி வரும்போதும் இவ்விரண்டையும் கேட்க வேண்டும். விலை தெரியுமா? எந்தக் கணினியில், எந்த மாதத்தில் வருகிறது? எவ்வளவு நேரம் உழைக்கும் என்று எவராவது கையில் வைத்துச் சோதித்தார்களா? இவற்றுக்கு விடை இருந்தால் அது அளந்த சரக்கு. “வரும், வந்தால் அற்புதமாக இருக்கும்” என்பது மட்டுமே விடையானால் அது காய் முற்றாத மரம். அதன் நிழலில் அமர்ந்து பசியாற முடியாது. மேலும், பொறுத்தால் விலை குறையும் என்பதும் எப்போதும் மெய்யாவதில்லை. 2021-இல் உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, கார்த் தொழிற்சாலைகள் கூட உற்பத்தியை நிறுத்தி வைத்ததை நாம் கண்டோம்.

ஓர் இளைஞரின் வினா

என்னிடம் முன்னர் ஓதிய இளைஞர் ஒருவர் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த அரபுத்தமிழ்க் கையெழுத்துக் கிதாபுகளைப் படமெடுத்துப் பெயர்த்தெழுத விரும்பினார். அந்த எழுத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர் அவர் வீட்டில் எண்பதைக் கடந்த அவருடைய பாட்டனார் ஒருவரே. இளைஞரோ நல்ல மடிக்கணினி வாங்குவதற்காக ஓராண்டுக்கு மேலாகப் பொறுத்திருந்தார்.

“இப்போதுள்ள கணினிகளில் இந்த வேலை நடக்காதா, தம்பி?” என்று கேட்டேன்.

“நடக்கும், ஹஜ்ரத். ஆனால் அடுத்த தலைமுறைப் பிராசஸர் வந்தால் பாதிக் கனத்தில் நாள் முழுவதும் ஓடும் என்கிறார்கள்.”

“கணினியை எங்கே தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்கள்?”

சற்றுத் தயங்கிவிட்டு, “நன்னா இருக்கும் அறைக்குத்தான், ஹஜ்ரத்” என்றார்.

“இப்போது ஒன்றை வாங்கிவிட்டு, பிறகு மற்றொன்றும் வாங்கினால் இஸ்ராஃப் ஆகாதா?” என்று அவர் அடுத்துக் கேட்டதே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. வீண் விரயத்தை அஞ்சும் பிள்ளை என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பொருளை விரயம் செய்வது மட்டுமா இஸ்ராஃப்? வாசித்துக் காட்ட ஒருவர் ஹயாத்தாக இருக்கும் நாள்களைச் செலவிடுவதும் செலவுதானே? பணத்தின் கணக்கை மீண்டும் சரி செய்யலாம். அந்த நாள்களின் கணக்கைச் சரி செய்ய இயலாது. அவர் பிறர் பயன்படுத்திய கணினி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வேலையைத் தொடங்கினார். ஏட்டைத் தின்னும் பூச்சியும் எந்தப் பிராசஸருக்காகவும் காத்திருப்பதில்லை.

போதுமென்பதும் பொறுத்திருப்பதும்

இங்கே எழும் மறுப்பு ஒன்றுக்கு விடை சொல்லாமல் போவது நேர்மையன்று. “இப்படியெல்லாம் பேசினால், மக்கள் காத்திருக்காமல் கண்டதையெல்லாம் வாங்கக் கிளம்பிவிட மாட்டார்களா? பொறுத்திருப்பது ஆசைக்கு ஒரு கடிவாளமல்லவா?” என்று கேட்கலாம். உண்மையே. இன்று வாங்குவோரில் பலர் தேவையின்றி வாங்குகின்றனர். நன்றாக உழைக்கும் கணினியை வைத்துக்கொண்டே புதியதை நாடுவோர்க்கு நான் சொல்வது, வாங்க வேண்டா என்பதே. ஆனால் அவர்களிடம் வேண்டுவது காத்திருத்தல் அன்று. கனாஅத் என்னும் போதுமென்ற மனம். இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

போதுமென்ற மனமுடையவர் தம் பழைய கணினியைத் திறந்து வேலையைச் செய்கிறார், மூடிவிட்டு மறந்துவிடுகிறார். காத்திருப்பவரோ வாங்காத கணினியை உள்ளத்தில் வாங்கிவிட்டார். நாள்தோறும் அதைப் பற்றிய செய்தியைத் தேடுகிறார். இருப்பதைக் காணும்போதெல்லாம் குறை காண்கிறார். பணம் இன்னும் பையில்தான் இருக்கிறது; ஆனால் கருத்து செலவாகிக் கொண்டே இருக்கிறது. துறவைப் பற்றிப் பேசும் நம் பெரியோர்கள், பொருள் கையை விட்டு நீங்குவதை மட்டும் துறவென்று கொள்ளாமல், உள்ளத்தை விட்டு நீங்குகிறதா என்றே பார்த்தார்கள். அவ்வகையில், வாங்கிவிட்டு மறந்தவரைக் காட்டிலும் வாங்காமல் ஏங்குகிறவர் உலகப் பற்றில் ஒரு படி முன்னே நிற்கக் கூடும்.

வேறு வகையான காத்திருப்பும் உண்டு; அதைப் போற்றவே வேண்டும். கையில் பணமில்லை, வட்டிக்குக் கடன் வாங்கினால் இன்றே கிடைக்கும், ஆனால் மாதந்தோறும் சிறிது சேர்த்து ஆறு மாதத்தில் ஹலாலான பணத்தில் வாங்கலாம் என்று ஒரு குடும்பம் பொறுத்திருந்தால், அது ஸப்ரு எனப்படும் உயர்ந்த பண்பு. அதற்குக் காரணம் தெளிவு; எல்லை தெளிவு; அதை நோக்கிய உழைப்பும் நாள்தோறும் நடக்கிறது. நபி யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்தது வரும் பஞ்சத்துக்காகவே. ஆயினும் உண்ணத் தேவையான சிறிதளவை எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். வருங்காலத்துக்காகச் சேமித்தவர்கள் நிகழ்காலத்தில் பட்டினி கிடக்கவில்லை. திட்டமிடுதலுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

உறுதி என்னும் பிணை

காத்திருப்பவர் தம்மைச் சோதித்தறிய இன்னும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஹஜ்ஜுக்கு ஆற்றல் பெற்றவர் உடனே புறப்பட வேண்டுமா, பின்னொரு ஆண்டில் செல்லலாமா? ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் உடனே செல்ல வேண்டும் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ தாமதிக்க இடமுண்டு. ஆனால் அந்த இடம் இலவசமாகக் கிடைப்பதன்று. செய்தே தீருவேன் என்னும் அஸ்மு, அதாவது உள்ளத்து உறுதி, அதற்குப் பிணையாக வேண்டும். ஆற்றல் இருந்தும் செய்யாமலே மரித்தால் அவர் குற்றத்திலிருந்து தப்புவதில்லை. தாமதம் அனுமதிக்கப்பட்டது, பொறுப்பு நீக்கப்படவில்லை.

உறுதியின் அடையாளம் என்ன? நாள் குறிப்பதே. “இந்த ஆண்டு நவம்பர் வரை பார்ப்பேன்; வந்தால் அதை, வராவிட்டால் இருப்பதை வாங்குவேன்” என்று சொல்லக்கூடியவர் காத்திருப்பவர். “பார்ப்போம்” என்று மட்டும் சொல்பவர் காலங்கடத்துபவர். இத்தகையோரிடம் பெரும்பாலும் வேறொரு செய்தி மறைந்திருக்கும். கணினி வந்துவிட்டால் எழுதுவதாகச் சொன்ன நூலை எழுத வேண்டும். படிப்பதாகச் சொன்ன பாடத்தைப் படிக்க வேண்டும். கருவி வராதவரை அக்கடமைகளிலிருந்து விடுப்பு. பிராசஸர் வரவில்லை என்பது அவர் உள்ளத்துக்குத் துக்கமன்று, அடைக்கலம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வின் இறுதிப் பகுதியில் மரணத்தை நினைவுகூர்வதைப் பற்றிப் பேசும் இடத்தில், ‘தூலுல் அமல்’ என்னும் நீண்ட ஆசையைத் தனித்தெடுத்து ஆராய்கிறார்கள். ஏன் அவ்விடத்தில் வைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தரையில் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து சதுரத்தைக் கடந்து வெளியே செல்லும் கோடு ஒன்றை இட்டு, சூழ்ந்துள்ள சதுரம் மனிதனின் தவணை என்றும், வெளியே நீளும் கோடு அவன் ஆசை என்றும் விளக்கினார்கள் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். அடுத்த பிராசஸர், அதற்கடுத்த பிராசஸர் என்னும் வரிசை அந்த வெளிக்கோட்டில்தான் இருக்கிறது. நாம் இருப்பதோ சதுரத்துக்குள்ளே.

வாங்கிய பின்

கடைசியாக, வாங்கிய மறுமாதமே புதியது வந்துவிட்டால் என்ன செய்வது? பலரும் அஞ்சுவது இதற்கே. ஏமாந்துவிட்டோமே என்னும் எண்ணத்துக்கே. அதற்கும் நம் மரபில் அழகிய விடை இருக்கிறது. தோழர்கள் இருவர் பயணத்தில் நீரின்றித் தயம்மும் செய்து தொழுதார்கள். தொழுகையின் நேரம் முடியும் முன்பே நீரைக் கண்டார்கள். ஒருவர் ஒளுச் செய்து மீண்டும் தொழுதார், மற்றவர் மீட்டவில்லை. இருவரும் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னபோது, மீட்டாதவரிடம், நீர் நடைமுறைப்படியே செய்தீர், உம் தொழுகை உமக்குப் போதும் என்னும் கருத்தில் கூறினார்கள். மீட்டியவருக்கு இரு மடங்கு கூலி உண்டென்றார்கள். முன்னவரை, “சற்றுப் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை.

அன்று தெரிந்ததை வைத்து, தேவையை எடைபோட்டு, கலந்தாலோசித்து, வேண்டுமானால் இஸ்திகாராவும் தொழுது ஒருவர் முடிவெடுத்தால், மறுநாள் ஊற்றெடுத்த நீர் அவர் முடிவைத் தவறாக்கிவிடாது. “அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே” என்னும் பேச்சு ஷைத்தானுக்குக் கதவு திறப்பதென்று நாம் எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். வாங்கிய கணினியில் அன்றே ஒரு பக்கம் எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை எந்தப் புதிய சில்லும் பழையதாக்க முடியாது.

ஆகவே, வாசக அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் வந்து, “இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா?” என்று கேட்டால், பிராசஸரின் பெயரைக் கேட்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இருப்பதை வைத்துச் செய்ய இயலாத வேலை எது? எதிர்பார்ப்பது உறுதியா, ஊகமா. அதற்கு நாள் உண்டா? அந்த நாள் வரும் வரை அவ்வேலையை எப்படிச் செய்யப் போகிறாய்? மூன்றாவது வினாவுக்கு விடையிருந்தால் மகிழ்வோடு பொறுத்திருக்கச் சொல்லுங்கள். விடையில்லையேல் இருப்பவற்றில் நல்லதைத் தேர்ந்து கொடுத்து, வேலையில் அமரச் செய்யுங்கள்.

பொறுமையையும் சோம்பலையும் பிரித்தறியும் கண்ணை நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.